அமெரிக்காவுல ஹை ஸ்கூல் மேத்ஸ் கோர்ஸ் செலக்ட் பண்றது எப்படி: நம்ம பெற்றோருக்கு

ஜனவரி, பிப்ரவரி வந்தாலே ஸ்கூல்லேருந்து கோர்ஸ் செலக்‌ஷன் ஃபார்ம் வந்துரும், ரெண்டு வாரத்துல சைன் பண்ணி குடுக்கணும்னு சொல்லுவாங்க, உடனே வாட்ஸ்அப் குரூப்ல உங்க பையன் என்ன எடுக்கிறான், எங்க பொண்ணு ஹானர்ஸ் (அதே கோர்ஸோட கொஞ்சம் கடினமான வகை) எடுக்கிறா, பக்கத்து வீட்டு பையன் சம்மர்லயே ஜியோமெட்ரி முடிச்சிட்டானாம்னு ஆரம்பிச்சிரும். இதுல ரெண்டு தடவை மாட்டி வெளிய வந்திருக்கேன், பெரியவ இப்போ 12ஆவது, சின்னவன் 8ஆவது. அவனுக்கு இப்போ ஃபார்ம் வந்திருக்கு, அதனால எனக்குத் தெரிஞ்சதை எழுதி வைக்கிறேன்.

முதல்ல நமக்கு ஏன் இது குழப்பமா இருக்குன்னா, நாம படிச்ச விதம் வேற. நம்ம ஊர்ல ப்ளஸ் ஒன்ல குரூப் எடுத்தோம்னா அதோட முடிஞ்சது, ஒரே மேத்ஸ் புக்குல அல்ஜீப்ரா, ட்ரிக்னாமெட்ரி, கால்குலஸ் எல்லாம் கலந்து வரும். இங்க ஒவ்வொண்ணும் தனித்தனி கோர்ஸ், ஒவ்வொண்ணும் ஒரு முழு வருஷம். வரிசை அல்ஜீப்ரா 1, ஜியோமெட்ரி, அல்ஜீப்ரா 2, ப்ரீகால்குலஸ், அப்புறம் கால்குலஸ். சில டிஸ்ட்ரிக்ட்ல இதையே கலந்து மேத் 1, மேத் 2, மேத் 3ன்னு வெச்சிருப்பாங்க, பேரு தான் வேற, மூணும் சேந்தா அல்ஜீப்ரா 1லேருந்து அல்ஜீப்ரா 2 வரைக்கும் உள்ளது தான்.

இப்போ எண்ணிப் பாருங்க, கோர்ஸ் அஞ்சு, ஹை ஸ்கூல் வருஷம் 9லேருந்து 12 வரைக்கும் நாலு. அப்போ 12ஆவதுல கால்குலஸ் வேணும்னா 8ஆவதுலயே அல்ஜீப்ரா 1 முடிச்சிருக்கணும், இல்லன்னா நடுவுல எங்கயாவது ரெண்டை ஒண்ணா சேக்கணும். நம்ம மக்களோட மொத்த டென்ஷனும் இந்த ஒரே ஒரு கழித்தல் கணக்குலேருந்து தான் வருது. இதைப் புரிஞ்சுக்கிட்டீங்கன்னா பாதி பயம் போயிரும், ஏன்னா 9ஆவதுல அல்ஜீப்ரா 1 எடுக்கிற பிள்ளைக்கும் கதவு மூடல, 10ஆவதுல ஜியோமெட்ரியும் அல்ஜீப்ரா 2வும் ஒரே வருஷத்துல எடுக்கலாம், ரெண்டும் ஒண்ணை ஒண்ணு ரொம்ப நம்பி இல்ல. சில ஸ்கூல்ல அல்ஜீப்ரா 2வும் ப்ரீகால்குலஸும் சேத்து ஒரே வருஷ கோர்ஸ் இருக்கும். சம்மர்ல ஜியோமெட்ரியும் எடுக்கலாம், ஆனா ஒரு வருஷப் பாடத்தை ஆறு வாரத்துல முடிக்கிறது எப்படி இருக்கும்னு யோசிச்சுக்கோங்க, ஒரு நாள் காய்ச்சல்னா ஒரு வாரப் பாடம் போச்சு.

அதனால ஃபார்ம் வந்ததும் 9ஆவது கட்டத்துலேருந்து ஆரம்பிக்காதீங்க. ஒரு பேப்பர் எடுத்து 12ஆவதுல எங்க நிக்கணும்னு முதல்ல எழுதுங்க, அங்கேருந்து கீழ இறங்கி வாங்க. இஞ்சினியரிங், ஃபிசிக்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ், எகனாமிக்ஸ்னு பிள்ளைக்கு ஆசை இருந்தா 12ஆவதுல கால்குலஸ்னு எழுதுங்க. சைக்காலஜி, பயாலஜி, சோஷியல் சயின்ஸ் பக்கம்னா ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ரொம்ப உபயோகம், ஆனா ப்ரீகால்குலஸ் வரைக்கும் போயிட்டு எடுத்தா நல்லது. என்ன ஆசைன்னே தெரியலன்னா, 13, 14 வயசுல முக்கால்வாசி பிள்ளைங்களுக்குத் தெரியாது, அப்போ ப்ரீகால்குலஸாவது முடியுற மாதிரி போட்டு வைங்க, அதுலேருந்து எந்தப் பக்கமும் திரும்பலாம்.

சரி, இலக்கு எழுதியாச்சு, அதுக்கு அடுத்த வேலை தான் எல்லாத்துலயும் முக்கியம், பெரும்பாலும் யாரும் பண்றது இல்ல. பிள்ளைக்கு அல்ஜீப்ரா 1 எவ்ளோ கெட்டியா இருக்குன்னு நீங்களே உக்காந்து பாக்கணும். ரிப்போர்ட் கார்டுல ஏ இருக்கே, அது போதாதான்னு கேப்பீங்க. போதாதுங்க. என் பொண்ணு விஷயத்துல பாத்தது சொல்றேன்.

அவ 8ஆவதுல அல்ஜீப்ரா 1, ஏ. 9ஆவதுல ஜியோமெட்ரி ஹானர்ஸ், அதுலயும் ஏ. 10ஆவதுல அல்ஜீப்ரா 2 ஹானர்ஸ் போட்டோம், யோசிக்கவே இல்ல. அக்டோபர்ல ஒரு நாள் ராத்திரி பத்து மணி இருக்கும், டைனிங் டேபிள்ல தலையைப் பிடிச்சுட்டு உக்காந்திருந்தா, ரெண்டு டெஸ்ட் தொடர்ந்து போயிருச்சு. நான் பக்கத்துல உக்காந்து அவ போட்டிருந்த பேப்பரை வரி வரியா பாத்தேன். புதுப் பாடம் எல்லாம் சரியா தான் புரிஞ்சிருக்கு, மூணாவது வரியில எக்ஸ் பிளஸ் 3 ஹோல் ஸ்கொயர்னு வருது, அதை எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் 9ன்னு விரிச்சிருக்கா. நம்ம ஊர்ல ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயர்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவோம், டூ ஏபி எங்கம்மான்னு கேட்டேன், முழிக்கிறா. உடனே ஒரு சதுரம் வரைஞ்சேன், ஒரு பக்கம் எக்ஸ் பிளஸ் 3, இன்னொரு பக்கமும் அதே, நடுவுல குறுக்கயும் நெடுக்கயும் ரெண்டு கோடு போட்டா நாலு கட்டம், ஒண்ணு எக்ஸ் ஸ்கொயர், ஒண்ணு 9, மீதி ரெண்டு கட்டம் ஒவ்வொண்ணும் 3எக்ஸ். பென்சிலை வெச்சு அந்த ரெண்டு கட்டத்தையும் மெதுவா நிழல் அடிச்சா, அப்புறம் சொன்னா, "அம்மா, இவ்ளோ நாளா இந்த ரெண்டையும் நான் விட்டுட்டே இருந்திருக்கேன்."

அது எப்படி ரெண்டு வருஷம் யாருக்கும் தெரியாம இருந்துச்சுன்னா, நடுவுல ஜியோமெட்ரி வருஷம். அதுல முக்கோணம், வட்டம், ப்ரூஃப்னு போகும், அல்ஜீப்ரா லேசா தான் வரும், அதனால 8ஆவதுல விட்ட ஓட்டை அப்படியே மூடி இருக்கும், அல்ஜீப்ரா 2 வந்ததும் தான் தண்ணி உள்ள வரும். இதை நான் அப்புறம் நிறைய வீட்ல பாத்துட்டேன், கோர்ஸ் தான் கஷ்டம்னு நினைச்சு டியூஷன் போடுவாங்க, ஓட்டை கீழ இருக்கும்.

ஏ வந்தும் இப்படி இருக்குமான்னா, இருக்கும். இங்க கிரேடுல ஹோம்வொர்க், எக்ஸ்ட்ரா கிரெடிட், டெஸ்ட் கரெக்‌ஷன், ரீடேக் எல்லாம் சேந்து வரும், அதெல்லாம் பிள்ளைங்களுக்கு நல்லது தான், ஆனா அந்த ஏ எதுலேருந்து வந்துச்சுன்னு வெளிய தெரியாது. 2025 நவம்பர்ல யூசி (யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) சான் டியாகோவோட சொந்த கமிட்டியே ஒரு அறிக்கை விட்டாங்க, உள்ள வந்த முதல் வருஷப் பிள்ளைங்கள்ல ஏறக்குறைய எட்டுல ஒருத்தருக்கு மேத்ஸ் ஹை ஸ்கூல் அளவுக்கே இல்லன்னு, 2020லேருந்து அந்த எண்ணிக்கை முப்பது மடங்கு கிட்ட ஏறிடுச்சாம். நல்ல கிரேடோட அட்மிஷன் வாங்கிட்டு வந்த பிள்ளைங்க அவங்க. ஹார்வர்டுலயே 2024ல அல்ஜீப்ரா விட்டுப்போனவங்களுக்காக முதல் செமஸ்டர் கால்குலஸை வாரம் அஞ்சு நாள் க்ளாஸா ஒரு தனி கோர்ஸ் ஆரம்பிச்சாங்க. படிச்சதும் எனக்கு அந்த நாலு கட்டம் தான் ஞாபகம் வந்துச்சு.

நீங்க பாக்கிறதுக்கு இருபது நிமிஷம் போதும். கால்குலேட்டர் கிடையாது, போன் கிடையாது, ஒரு பேப்பர். 2/3லேருந்து 3/4ஐக் கழிக்கச் சொல்லுங்க, மைனஸ் 1/12 வரணும், இங்க திணறினா பின்னம் வீக், அல்ஜீப்ரா 2ல பாதி பின்னம் தான். 3 பெருக்கல் எக்ஸ் மைனஸ் 2 ப்ராக்கெட்ல, அது 5எக்ஸ் பிளஸ் 4க்கு சமம், எக்ஸ் என்ன? மைனஸ் 5. (2, 5), (6, 13) ரெண்டு புள்ளி வழியா போற கோட்டோட ஈக்வேஷன் கேளுங்க, ஸ்லோப் 2, ஒய் சமம் 2எக்ஸ் பிளஸ் 1ன்னு எழுதணும், எழுதினதுக்கு அப்புறம் அந்த 2ன்னா என்ன அர்த்தம்னு கேளுங்க, எக்ஸ் ஒண்ணு கூடினா ஒய் ரெண்டு கூடும்னு வாயால சொன்னா தான் கணக்கு. எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் 5எக்ஸ் சமம் 0, இதுல 5ன்னு மட்டும் சொல்ற பிள்ளைங்க நிறைய, ரெண்டு பக்கமும் எக்ஸால வகுத்துருவாங்க, 0ன்னு இன்னொரு விடை காணாமப் போயிரும். கடைசியா ஒரு வேர்ட் ப்ராப்ளம், ஒரு டேங்க்ல 40 காலன், நிமிஷத்துக்கு 3 காலன் வெளிய போகுது, இன்னொண்ணுல 10 காலன், நிமிஷத்துக்கு 2 காலன் உள்ள வருது, எப்போ ரெண்டும் சமம்? ஆறாவது நிமிஷம், ரெண்டுலயும் 22. விடை வந்துச்சான்றதை விட, ஈக்வேஷனை தானா எழுதுறாங்களா இல்ல நம்பரை போட்டு போட்டு பாக்கிறாங்களான்னு கவனிங்க. திட்டாதீங்க, பரீட்சை மாதிரி பண்ணாதீங்க, நீங்களும் கூட ஒரு பேப்பர் எடுத்து போடுங்க. இன்னும் விரிவா பாக்கணும்னா கான் அகாடமியில ஒவ்வொரு கோர்ஸுக்கும் கோர்ஸ் சேலஞ்ச்னு ஃப்ரீயா இருக்கு.

எல்லாம் சரளமா வந்தா தைரியமா ஹானர்ஸ் போடுங்க, பிள்ளைக்கும் பிடிச்சிருந்தா. ஒண்ணு ரெண்டு தடுமாறினா சம்மர்ல அதை மட்டும் சரி பண்ணிட்டு போங்க. பாதிக்கு மேல போகலன்னா, மேல ஏத்துறதை நிறுத்திட்டு அல்ஜீப்ரா 1ஐ திரும்ப எடுக்கிறதைப் பத்தி டீச்சர்கிட்ட பேசுங்க. 9ஆவதுல திரும்ப எடுக்கிறது அவமானம் கிடையாது, கலிஃபோர்னியாவுல சான் ஃபிரான்சிஸ்கோ டிஸ்ட்ரிக்ட் 2014லேருந்து 8ஆவதுல அல்ஜீப்ராவே வேணாம்னு வெச்சிருந்து 2024ல தான் திரும்பக் கொண்டு வரலாம்னு முடிவு பண்ணாங்க. அந்தப் பக்கம் டெக்சாஸ்ல 2023ல ஒரு சட்டமே போட்டாங்க, 5ஆவது கிரேடு ஸ்டேட் டெஸ்ட்ல மேல 40 பர்சென்ட்ல வர்ற பிள்ளைங்களை 6ஆவதுல அட்வான்ஸ்டு மேத்ஸ்ல தானாவே சேத்துரணும், பெற்றோர் வேணாம்னா எழுதிக் குடுத்து விலகலாம். ஊருக்கு ஊர் இப்படி மாறும், அதனால வேற ஸ்டேட்ல இருக்கிற ஃப்ரெண்ட் சொல்றதை அப்படியே எடுத்துக்காதீங்க.

ஹானர்ஸா ரெகுலரான்றதுக்கு பேரைப் பாக்காம டீச்சரைப் போய்ப் பாருங்க. சில ஸ்கூல்ல ஹானர்ஸ்னா அதே பாடம், கொஞ்சம் வேகம், அவ்ளோ தான். சில ஸ்கூல்ல ப்ரூஃப், கடினமான கணக்குன்னு வேற கோர்ஸ் மாதிரியே இருக்கும். கிரேடுல டெஸ்ட் எவ்ளோ ஹோம்வொர்க் எவ்ளோ, வருஷ நடுவுல எத்தனை பேர் இறங்கிப் போறாங்க, இறங்கணும்னா கடைசித் தேதி எது, இந்த மூணையும் கேளுங்க. மூணாவது கேள்வி ரொம்ப முக்கியம். அந்தத் தேதி தாண்டிட்டா ட்ரான்ஸ்கிரிப்ட்ல டபிள்யூ, அதாவது நடுவுல விலகினதா குறி, விழலாம், இல்ல மாத்தவே விடமாட்டாங்க. நாங்க தேதிக்கு மூணு நாள் முன்னாடி கவுன்சிலருக்கு மெயில் போட்டு பெரியவளை ஹானர்ஸ்லேருந்து ரெகுலர் அல்ஜீப்ரா 2க்கு மாத்தினோம், சாயங்காலம் அரை மணி நேரம் பழைய அல்ஜீப்ரா, ஜனவரி வரைக்கும். அவ ரெண்டு நாள் அழுதா, ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் அந்த க்ளாஸ்ல. எனக்கும் கஷ்டமா தான் இருந்துச்சு. 11ஆவதுல ப்ரீகால்குலஸ், இப்போ கால்குலஸ்ல இருக்கா, போக நினைச்ச இடத்துக்கு அதே வருஷத்துல தான் போய்ச் சேந்தா.

கலிஃபோர்னியாவுல இருந்தா ஒண்ணு தெரிஞ்சு வெச்சுக்கோங்க, 2015ல மேத்ஸ் பிளேஸ்மென்ட்டுக்குன்னே ஒரு சட்டம் இருக்கு, 9ஆவது சேர்ற பிள்ளையை சரியான கோர்ஸ்ல போட்டிருக்காங்களான்னு முதல் மாசத்துக்குள்ள ஒரு தடவை ஸ்கூல் சரி பாக்கணும். பிள்ளை தப்பான இடத்துல இருக்குன்னு தோணினா அந்த மாசமே கேளுங்க.

அல்ஜீப்ரா 2வுக்கு அப்புறம் தான் வழி பிரியும், இங்க ஒரு இடத்துல ஜாக்கிரதை. டேட்டா சயின்ஸ்னு ஒரு கோர்ஸ் நிறைய ஸ்கூல்ல வந்திருக்கு, கேக்க நல்லா இருக்கும், அல்ஜீப்ரா 2க்கு பதிலா எடுக்கலாம்னு கூட சில இடத்துல சொன்னாங்க. யூசி அட்மிஷனுக்கு அது அல்ஜீப்ரா 2க்கு ஈடாகாதுன்னு 2023 ஜூலையில அவங்க ஃபேகல்டி கமிட்டி முடிவு பண்ணிட்டாங்க. நாலாவது வருஷத்துல கூடுதலா எடுக்கட்டும், நல்ல விஷயம் தான், ஆனா அல்ஜீப்ரா 2வை விட்டுட்டு எடுக்க விடாதீங்க, இஞ்சினியரிங், கம்ப்யூட்டர் சயின்ஸ் ரெண்டு கதவும் அங்கயே சாத்திரும், 15 வயசுல அந்த முடிவு எடுக்க வேண்டியதே இல்ல. யூசிக்கு மேத்ஸ் மூணு வருஷம் கட்டாயம், நாலு வருஷம் எடுத்தா நல்லதுன்னு சொல்றாங்க, உங்க ஸ்கூல் கோர்ஸ் அவங்க ஏ-ஜி லிஸ்ட்ல (அட்மிஷனுக்கு அவங்க ஏத்துக்கிற கோர்ஸ் லிஸ்ட்) இருக்கான்னு அவங்க சைட்லயே ஸ்கூல் பேர் போட்டுத் தேடலாம். மூணு வருஷம் முடிஞ்சது, 12ஆவதுல மேத்ஸ் வேணாம்னு பிள்ளை கேக்கும். விடாதீங்க. ஒன்னேகால் வருஷம் கணக்கே போடாம போய் காலேஜ்ல பிளேஸ்மென்ட் டெஸ்ட் எழுதினா எங்க நிப்பாங்கன்னு சொல்ல வேண்டியது இல்ல.

காலேஜ் அட்மிஷனுக்கு எழுதுற எஸ்ஏடி பரீட்சையையும் கணக்குல வைங்க. இப்போ டிஜிட்டல் ஆயிருச்சு, மேத்ஸ் பகுதி 70 நிமிஷத்துல 44 கேள்வி, அதுல ஏறக்குறைய 70 பர்சென்ட் அல்ஜீப்ராவும் அதுக்கு அடுத்த கட்ட ஃபங்ஷன், குவாட்ராட்டிக் மாதிரி விஷயமும் தான், கால்குலஸ் ஒரு கேள்வி கூட கிடையாது. 11ஆவது அக்டோபர்ல பிஎஸ்ஏடி (எஸ்ஏடிக்கு முன்னோட்டப் பரீட்சை) வரும், நேஷனல் மெரிட் ஸ்காலர்ஷிப்புக்கு அது தான், அதுக்கு முன்னாடி அல்ஜீப்ரா 2 முடிஞ்சிருந்தா நிம்மதி.

கால்குலஸ்ல அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் கோர்ஸ் (ஹை ஸ்கூல்லயே படிக்கிற காலேஜ் லெவல் கோர்ஸ்) ரெண்டு, தமிழ்ல எழுதினா ஏபி ஏபின்னு ரெண்டு தடவை வந்து குழப்பும், அதனால சின்னதை ஏபின்னும் பெரியதை பிசின்னும் எழுதுறேன். ஏபியில லிமிட், டெரிவேட்டிவ், இன்டெக்ரல், காலேஜ்ல ஒரு செமஸ்டர் அளவு. பிசியில அது மொத்தமும் இருக்கும், கூடவே இன்டெக்ரேஷன் பை பார்ட்ஸ், சீரீஸ், போலார், பாராமெட்ரிக் எல்லாம், ரெண்டு செமஸ்டர் அளவு. ப்ரீகால்குலஸ்ல ட்ரிக்னாமெட்ரி நல்லா வந்த பிள்ளை நேரா பிசி போகலாம், ஏபி முடிச்சிட்டு தான் பிசின்னு கட்டாயம் இல்ல, பிசி பரீட்சை எழுதினா ஏபி பகுதிக்கு தனியா ஒரு சப்ஸ்கோரும் வரும். ட்ரிக் தடுமாற்றம்னா ஏபி போதும், நிதானமா புரிஞ்சு படிச்ச ஏபி, அரைகுறை பிசியை விட காலேஜ்ல காப்பாத்தும். ஸ்கூல்ல கால்குலஸே இல்லன்னா மனசு விடாதீங்க, கால்டெக் (கலிஃபோர்னியாவுல பெரிய சயின்ஸ், இஞ்சினியரிங் யுனிவர்சிட்டி) கூட 2023ல கால்குலஸ் கிடைக்காத பிள்ளைங்களுக்கு வேற வழியில நிரூபிக்கலாம்னு விதியைத் தளர்த்திட்டாங்க. ப்ரீகால்குலஸுக்கும் 2023-24 ஸ்கூல் வருஷத்துலேருந்து அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் வந்திருக்கு, ஆனா நாலு யூனிட்ல மூணு தான் பரீட்சைக்கு வரும், வெக்டர், மேட்ரிக்ஸ் இருக்கிற நாலாவதை நடத்துவீங்களான்னு டீச்சர்கிட்ட கேட்டுக்கோங்க, அந்தப் பேருக்காக நல்லா நடக்கிற ப்ரீகால்குலஸ் ஹானர்ஸை விட்டுட்டு ஓட வேண்டாம்.

கம்யூனிட்டி காலேஜ்ல டூயல் என்ரோல்மென்ட் (ஹை ஸ்கூல்ல இருக்கும்போதே காலேஜ் கோர்ஸ்) எடுக்கிறவங்க ஒரு விஷயம் கவனிங்க, ஒரு வருஷப் பாடம் ஒரே செமஸ்டர்ல ஓடும், அங்க வாங்குற கிரேடு காலேஜ் ட்ரான்ஸ்கிரிப்ட்ல நிரந்தரமா நிக்கும். பிசியை 11ஆவதுலயே முடிச்சிட்டு மல்டிவேரியபிள் கால்குலஸ் இல்ல லீனியர் அல்ஜீப்ரா வேணும்னு பிள்ளையே கேட்டா இது அருமையான வழி. சீக்கிரம் ஓடுறதுக்காக மட்டும்னா வேண்டாம்.

போன ஞாயித்துக்கிழமை சின்னவனை அதே டைனிங் டேபிள்ல உக்கார வெச்சு அந்தக் கணக்கெல்லாம் குடுத்தோம். பின்னம், ஸ்லோப், டேங்க் எல்லாம் போட்டுட்டான், எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் 5எக்ஸ்ல மட்டும் 5ன்னு எழுதிட்டு பேனாவை மூடினான். நான் வாயைத் தொறக்கல, அக்கா தான் குனிஞ்சு, "0 போட்டுப் பாருடா"ன்னா. போட்டுப் பாத்தான், ரெண்டு பக்கமும் 0 வந்துச்சு, "எக்ஸால வகுத்தேன்ல, அது 0வா இருந்தா வகுக்கவே கூடாதே"ன்னு அவனே சொன்னான். ஃபார்ம்ல ஜியோமெட்ரின்னு எழுதியாச்சு, ஹானர்ஸ் கட்டம் இன்னும் காலியா தான் இருக்கு, வெள்ளிக்கிழமை அவன் டீச்சரைப் பாத்து அந்த மூணு கேள்வியையும் கேட்டுட்டு வந்து நிரப்பணும்.